தேருக்கு முதல் நாள் நின்ற மெஷின்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துப் படுக்க வேண்டும் என்றால், எங்கள் வீட்டு வோஷிங் மெஷின் தேருக்கு முதல் நாளைத்தானே தேர்ந்தெடுக்கும்? ஐயாவின் இரண்டு வேட்டி, என்னுடையது ஒன்று, ஒரு சால்வை, அம்மாவின் சீலை எல்லாம் உள்ளே. இரவு போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் கண்ணாடிக் கதவின் கால்வாசி வரை சாம்பல் நிறத் தண்ணீர். வேட்டிகள் அதில் மிதந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவை இழுத்தேன். அசையவில்லை.

"கிணற்றடியில் இருக்கும் தோய்கல் இந்த நாற்பது வருடத்தில் ஒரு நாளாவது பழுதாகியிருக்கிறதா?" என்று அம்மா கேட்டார். மெஷின் வாங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்.

திருத்துகிறவருக்கு அழைத்தேன். "தேர் முடியட்டும் தம்பி" என்றார். நியாயம்தான்.

அடுத்து டொரோண்டோவில் இருக்கும் அண்ணன். இங்கே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. தூக்கக் கலக்கத்தில் வீடியோவில் மெஷினைப் பார்த்தவன், நான் வாய் திறக்கும் முன்பே "போர்ட் போய்விட்டது" என்றான். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைச் சொல்கிறான். குளிர்சாதனப் பெட்டி நின்றாலும் போர்ட், தண்ணீர் மோட்டார் நின்றாலும் போர்ட். எங்கள் வீட்டுச் சாமான்களுக்கு அவன் அறிந்த வியாதி அது ஒன்றுதான்.

பத்தரைக்குப் பக்கத்து வீட்டு மாஸ்டர் வந்தார். இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். "தம்பி, நாங்கள் குடியிருப்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். அதற்குள்ளால் வருகிற கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? உங்கள் கேத்தலைத் திறந்து பாரும்." பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. "மெஷினின் வயிற்றுக்குள்ளும் இதுதான். அமிலம் வேண்டும். இருபது தேசிக்காய் வாங்கி வாரும்."

ஓடு கட்டினால் தண்ணீர் சூடாகத்தான் சுணங்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் இருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எனக்குப் பொழுது பட்ட பிறகுதான் எழுந்தது. காலையில் எழுந்தது சைக்கிளை எடுக்கும் உற்சாகம் மட்டுமே. பத்துத் தேசிக்காயின் சாற்றைச் சவர்க்காரத் தூள் போடும் தட்டின் வழியாக ஊற்றினோம். மிச்சத்தில் அம்மா கரைத்துத் தந்த தண்ணீரை மாஸ்டர் இரண்டு கிளாஸ் குடித்தார். அன்று தேசிக்காயால் பயன் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இரவு எட்டு மணிக்கு, வீடு அடங்கிய பிறகு, மெஷினை மறுபடி போட்டு அதன் கீழ்ப் பக்கத்தில் காதை வைத்தேன். சோடாப் போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு போல ஒரு முனகல். தண்ணீர் ஓடும் சத்தம் இல்லை. அப்படியென்றால் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கு மின்சாரம் வருகிறது, அதன் சக்கரம்தான் சுற்றவில்லை. போர்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, எதுவோ இறுகியிருக்கிறது.

பிளக்கைக் கழற்றினேன். வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி. அதற்குள் உள்ளங்கை அளவு திருகு மூடி ஒன்று. அதன் அருகே மெல்லிய குழாய் ஒன்றும் இருக்கும், முதலில் அதன் வழியாகத் தண்ணீரை இறக்க வேண்டும். இருந்தது. நான் பார்க்கவில்லை. பெரியதைத் திருகினேன். வாய் நிலத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் இருப்பதால் வாளி வைக்க வழியில்லை. ஓடிப்போய் எடுத்து வந்த வெற்றிலைத் தட்டம் நாலு நொடியில் நிரம்பியது. பிறகு குசினி, பிறகு விறாந்தை. சாய்மனைக் கதிரையில் இருந்த ஐயா, காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு வானொலித் தேவாரத்தைத் தொடர்ந்து கேட்டார்.

வடிகட்டியோடு வந்தவை: பதினொரு பக்கம் கொண்ட பத்து ரூபாய் நாணயம் ஒன்று, கொண்டை ஊசி இரண்டு, அடையாளம் தெரியாத நூல் கற்றை. சக்கரம் இன்னும் அசையவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால், தேசிக்காய்ப் பருமனேயான அந்தச் சின்னச் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே பழுப்பாக எதுவோ. குறட்டால் பிடித்து, ஆட்டி, இழுத்தேன். விரல் நீளத்துக்கு வந்தது.

புழுக்கொடியல்.

பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயவிட்டால் அது உணவா விறகா என்ற சந்தேகம் பல்லுக்கு மட்டும்தான் வரும். கதவின் இறப்பர் விளிம்புக்கும் தொட்டிக்கும் இடையால் நழுவி, பம்புக்குள் இறங்கி, இரவு முழுக்க ஊறிப் பருத்து, சக்கரத்தைக் கவ்வியிருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

ஐயா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முந்தாநாள் முழுக்க இதைத் தேடினேன்" என்றார். வருத்தம் குரலில் தெரிந்தது. மெஷினுக்காக அல்ல.

மூடியைத் திருகி, பிளக்கை மாட்டிப் போட்டேன். பம்ப் கலகலவென்று ஓடி மிச்சத் தண்ணீரைத் துப்பியது. நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்தேன். பூட்டு சூடு ஆறி 'டிக்' என்று விட்டது. வேட்டிகளில் தேசிக்காய் மணமும் குட்டைத் தண்ணீர் மணமும் சேர்ந்து வந்தன. அம்மா ஒரு சொல்லும் பேசாமல் அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். இரவு பத்து மணிக்குத் தோய்கல்லில் துணி அடிக்கும் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் அடித்தார்.

விடியற்காலையில் அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது: "போர்ட் மாற்றியாகிவிட்டதா?"

நல்லூருக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போவதில்லை. சட்டை இல்லையென்றால் பையும் இல்லை, இன்றைக்காவது ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஐயா ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு துண்டு புழுக்கொடியலை எடுத்து, புதிதாகத் தோய்த்த வேட்டியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு, "போகலாம்" என்றார்.