அவனுக்கு அவள் சொன்ன ஒரே சொல்

ஜோன் பியர் மெல்வில் இயக்கி 1949இல் வெளிவந்த 'கடலின் மௌனம்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கன நாளாக ஆசை. கறுப்பு வெள்ளைப் படம். கதை 1941இல், ஜேர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த பிரான்சில் நடக்கிறது. ஒரு சின்ன ஊர் வீடு. அங்கே ஒரு பெரியவரும் அவருடைய பெறாமகளும் மட்டும். மேல்மாடி அறையை ஒரு ஜேர்மன் அதிகாரிக்கு ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். இவர்கள் சம்மதித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. அவன் வந்துவிட்டான், அவ்வளவுதான்.

இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அவன் இருக்கும்போது வாயே திறப்பதில்லை. பெரியவர் சுங்கான் புகைப்பார், அவள் குனிந்தபடி பின்னுவாள், தைப்பாள். ஒவ்வொரு இரவும் அவன் கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து, அடுப்பங்கரை நெருப்புக்குப் பக்கத்தில் நின்றபடி தனியாகப் பேசுவான். போகும்போது "உங்களுக்கு நல்லிரவு ஆகட்டும்" என்பான். பதில் வராது. அடுத்த இரவும் வருவான்.

இதுதான் படம். கேட்கும்போது அலுப்பாகத் தெரியும். பார்க்கத் தொடங்கினால் எழும்ப முடியாது.

ஏனென்றால் அவன் கெட்டவன் இல்லை. எங்கள் ஊர்ப் படங்களில் எதிரி என்றால் மீசையும் உறுமலும் வேண்டும். இந்த வேர்னர் வொன் எப்ரெனாக் ஓர் இசையமைப்பாளன். ஒரு கால் நொண்டி. சீருடை அவர்கள் கண்ணை உறுத்தும் என்று அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில்தான் கீழே வருகிறான். புத்தக அலுமாரிக்கு முன் நின்று, இங்கிலாந்து என்றால் ஷேக்ஸ்பியர், இத்தாலி என்றால் தாந்தே, பிரான்ஸ் என்றால் யாரைச் சொல்வது, மோலியேரா, ரசீனா, ஹியூகோவா என்று முண்டியடித்து வருகிறார்களே என வியக்கிறான். இசை மட்டும் எங்களுடையது என்கிறான். ஜேர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஹார்மோனியத்தில் வாசிக்கிறான். அழகியும் அரக்கனும் கதையைச் சொல்லி, இரண்டு நாடுகளுக்கும் கலியாணம் நடக்கப்போவதாகக் கனவு காண்கிறான். யாரை மனதில் வைத்துச் சொல்கிறான் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். அவள் தலை நிமிராது.

ஒரு கட்டத்தில் பெரியவருக்கே மனம் இளகிவிடுகிறது. ஒரு சொல்கூடக் கொடுக்காமல் இருப்பது மனிதத்தன்மை இல்லையோ என்று பெறாமகளிடம் கேட்கிறார். அவள் புருவத்தை உயர்த்திப் பார்க்கிற ஒரு பார்வையில் அவர் முகம் சிவந்து பேசாமல் போகிறார். நான் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அவளும் அவனை விரும்புகிறாள். பெரியவரைவிட அவளுக்குத்தான் அந்த மௌனம் கூட வலிக்கிறது. அப்படியிருந்தும் விட்டுக்கொடுக்காதவள் அவள்தான்.

அவளாக நடித்த நிக்கோல் ஸ்தெஃபான் யூதப் பெண். போர்க்காலத்தில் பிரான்சை விட்டுத் தப்பிச் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். மெல்விலும் யூதர், ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். மூலக்கதையை வெர்கோர் என்ற புனைபெயரில் எழுதியவர் ஜோன் ப்ரூலர். ஜேர்மன்காரர் கண்ணில் படாமல் 1942இல் பாரிசில் களவாக அச்சடித்தார்கள். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். அப்படி வந்த ஒரு புத்தகத்தில் ஜேர்மன் அதிகாரியை இவ்வளவு பண்புள்ளவனாக எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகு மெல்வில் படமெடுக்கக் கேட்டபோது வெர்கோர் இலகுவில் சம்மதிக்கவில்லை. எடுத்து முடித்ததும் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன், அவர்கள் வேண்டாம் என்றால் நெகட்டிவை எரித்துவிடுகிறேன் என்று மெல்வில் வாக்குக் கொடுத்தார். படப்பிடிப்பு வெர்கோரின் சொந்த வீட்டிலேயே நடந்தது. போர்க்காலத்தில் நிஜமாகவே ஒரு ஜேர்மன் அதிகாரி தங்கிய வீடு அது.

எதிரியோடு காதல் என்ற கதையை யார் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியுமா? காயப்பட்டவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்து, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்பது. எங்கள் போரைப் பற்றிப் படமெடுக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

இந்தப் படத்தை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், என் பெரியம்மாவின் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பிரெஞ்சு தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை நான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தம் வேறு. கொஞ்ச நேரத்தில் அக்கா வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். அவன் பேசுவது அவருக்குத் தேவைப்படவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா அவள் எந்த நேரமும் தைச்சுக்கொண்டே இருக்கிறாள்?" என்று நான்தான் கேட்டேன்.

"கைக்கு ஒரு வேலை இருக்க வேணும் பிள்ளை. இல்லாட்டிக் கண் நிமிர்ந்திடும்" என்றார்.

அக்காவுக்கு இது தெரியும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலம், 1988. எனக்குப் பள்ளிக்கூட வயது. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சென்றி, காவலரண், இருந்தது. அங்கே நின்றவர்களில் ஒருவன் தமிழ்க்காரன், மதுரைப் பக்கம் என்று சொன்னான். அக்கா தையல் வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். வேறொன்றும் இல்லை. அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை, சைக்கிளை நிறுத்தியதும் இல்லை. சைக்கிளில் நானும் இருப்பேன், பின்னால். எங்கள் மொழியில், எங்கள் அம்மம்மா கேட்கிற மாதிரியே கேட்கிற ஒருவன், தோளில் துவக்கோடு. நான் ஒருமுறை சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா என் காதைத் திருகினார்.

அப்புறம் யாரோ ஏதோ சொன்னார்கள். 'அவள் ஆமிக்காரனோட கதைக்கிறாளாம்.' ஒரு வசனம் போதும் அந்தக் காலத்தில், அது பொய்யாக இருந்தாலும். அது எந்தக் காதுக்குப் போகும், பிறகு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு கிழமைக்குள் அக்காவைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீடு, பிறகு கலியாணம், பிள்ளைகள், இந்த வெள்ளவத்தை வீடு. பதிலே சொல்லாதவளுக்கு இது. பதில் சொல்லியிருந்தால்?

பதில் சொன்னவளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு பிரெஞ்சுப் படம் இருக்கிறது. 1959இல் அலென் ரெனே இயக்கிய 'ஹிரோஷிமா என் காதலே'. எழுதியவர் மார்கரித் துராஸ். எமானுவேல் ரிவா நடித்த அந்தப் பெண்ணுக்குப் படத்தில் பெயரே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நெவேர் என்ற ஊரில் ஒரு ஜேர்மன் சிப்பாயைக் காதலித்தவள். ஊர் விடுதலையாகிற நேரத்தில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். இரவு முழுக்க அவன் உடல் மேல் கிடக்கிறாள். பிறகு ஊர்க்காரர்கள் அவள் தலையை மழிக்கிறார்கள். வீட்டார் மானத்துக்குப் பயந்து அவளை நிலக்கீழ் அறையில் அடைத்து வைக்கிறார்கள். தலைமுடி கொஞ்சம் வளர்ந்த பிறகு ஓர் இரவு சைக்கிளில் பாரிசுக்குப் புறப்படுகிறாள். அங்கே போய்ச் சேருகிற நேரம் பத்திரிகைகளில் ஹிரோஷிமாவின் பெயர்.

இது கதைக்காக இட்டுக்கட்டியது இல்லை. பிரான்ஸ் விடுதலையான காலத்தில் சுமார் 20,000 பெண்களின் தலையை இப்படி மழித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எதிரியோடு படுத்தாள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. எதிரிக்குச் சமைத்தவள், உடுப்புத் தோய்த்தவள் என்றுகூடப் பிடித்தார்கள். 1944 ஓகஸ்டில் ஷார்த்ர் நகரத்தில் ரொபர்ட் கப்பா எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மொட்டைத் தலையோடு ஒரு பெண், கையில் குழந்தை, சுற்றிவரச் சிரிக்கிற கூட்டம். கூட்டத்தில் பெண்களும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் பார்க்க முடியாத பகுதி அதுதான். ஜேர்மன்காரருக்குச் சாமான் விற்றுப் பணக்காரரான ஆண்கள் எத்தனையோ பேர் தலைமுடியோடு வீட்டுக்குப் போனார்கள்.

ரெனேயின் படத்தில் அந்தப் பெண் பதினான்கு வருடம் கழித்துத்தான் வாய் திறக்கிறாள். அதுவும் ஹிரோஷிமாவில் ஒரு தேநீர்க்கடையில், முதல்நாள் சந்தித்த ஒரு ஜப்பானியனிடம். புருசனுக்குக்கூடத் தெரியாத கதை. எய்ஜி ஒகாடா பேசுகிற பிரெஞ்சு, அந்த மொழி தெரியாமலே ஒலியை மட்டும் பாடமாக்கிச் சொன்னது. அது தெரிந்த பிறகு அந்தக் காட்சி எனக்கு இன்னும் கூடப் பிடித்துப்போனது. அவள் மனதைக் கொட்டுகிறாள், முன்னால் இருப்பவன் அவள் மொழிக்கே அந்நியன்.

எங்கள் நாட்டில் பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவா ஒப எக்கா' என்ற சிங்களப் படம் 2012இல் வந்தது. அடகுக்கடை வைத்திருக்கிற ஒரு சிங்களவன், நகை அடகு வைக்க வருகிற ஒரு தமிழ்ப் பெண், கலியாணமும் நடக்கிறது. அவன் முன்னாள் இராணுவச் சிப்பாய் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிகிறது. 2014இல் சென்னையில் இதைத் திரையிட விடாமல் எதிர்ப்பு வந்தது. எனக்கு அது பெரிய கவலை. அந்தப் படத்தில் தமிழ்ப் பெண் பேசுகிறாள், புருசனைப் பார்த்து நேராகக் கேட்கிறாள். எங்கள் பெண்கள் சென்றியில் கேட்க முடியாமல் விழுங்கியதை ஒருத்தி திரையில் கேட்கிறாள் என்றால், அதைத் தமிழர்கள்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சரி, மெல்விலின் படத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் கடைசிப் பகுதியைப் பற்றி எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

எப்ரெனாக் விடுமுறையில் பாரிசுக்குப் போகிறான். அங்கே தன் பழைய கூட்டாளிகள், பிரான்சின் ஆன்மாவையே நசுக்கப்போகிறோம் என்று சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்கிறான். அவன் கண்ட கலியாணக் கனவு அங்கேயே உடைகிறது. திரும்பி வந்தவன் பல நாள் அவர்கள் முன்னால் வருவதில்லை. கடைசியில் ஓர் இரவு கதவைத் தட்டி, இம்முறை காத்து நிற்கிறான். பெரியவர் முதல்முறையாக வாய் திறந்து உள்ளே வரச் சொல்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கிழக்குப் போர்முனைக்குப் போகக் கேட்டு வாங்கிவிட்டேன் என்கிறான். சாவுக்குப் போகிறான் என்று எல்லாருக்கும் விளங்குகிறது. அவள் தோளில் கைகளின் படம் போட்ட ஒரு சால்வை. அவன் அவளைப் பார்த்து விடைபெறுகிறான். அவள் உதடு அசைகிறது. 'அதியூ.' இனிச் சந்திக்கமாட்டோம் என்று விடைகொடுக்கிற பிரெஞ்சுச் சொல். காதுக்கு எட்டியும் எட்டாத ஒரு ஒலி.

அதோடு முடிந்திருந்தால் நானும் அழுதுவிட்டு எழும்பியிருப்பேன். மறுநாள் காலை பெரியவர் அவன் கண்ணில் படும்படி ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அனத்தோல் ஃபிரான்ஸ் எழுதிய ஒரு வரி. குற்றமான கட்டளைகளுக்கு ஒரு சிப்பாய் கீழ்ப்படியாமல் விடுவது அழகு என்ற கருத்து. அவன் அதை வாசிக்கிறான். வாசித்துவிட்டுப் போகிறான்.

எனக்கு அங்கேதான் அவன் மேல் இருந்த இரக்கம் போனது. எல்லாம் தெரிந்தவன், இவ்வளவு படித்தவன், உயிரைக் கொடுக்கத் துணிந்தவன். கட்டளையை மறுக்க மட்டும் துணிவில்லை. தன் துக்கத்துக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம், இன்னும் பல வீடுகள் எரியப்போகிற ஒரு போர்முனை. அவள் மாதக்கணக்காக மௌனமாக இருந்தது சரி என்று நான் நினைப்பது இதனால்தான். அவனுடைய நல்ல குணம் முழுவதும் உண்மை, ஆனால் அது ஒருவரையும் காப்பாற்றவில்லை.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இருபத்தஞ்சு வயசுப் பெடியனிட்ட இவ்வளவு கேக்கிறாய். அந்தப் பெரியவர் முதல் மாசமே அந்தப் புத்தகத்தைத் திறந்து வச்சிருக்கலாமே?" என்றார்.

படத்தில் அவன் இருபத்தைந்து வயதுப் பெடியன் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அக்கா யாரைச் சொல்கிறார் என்று விளங்கியது. ஆனால் பெரியவர் பற்றி அவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார், இந்த முறை அவன் பேசுவதையும் முழுதாக வாசித்துச் சொல்ல வேண்டுமாம்.