டப்ளின் இடைத்தேர்தல்கள், ஆகஸ்ட் 1927

அயர்லாந்து விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளைப் படிக்கும்போதெல்லாம், 1927 ஆகஸ்ட் 24 அன்று டப்ளினில் நடந்த இரண்டு இடைத்தேர்தல்கள் என்னை உலுக்கிவிடுகின்றன. ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நடந்து சென்றுகொண்டிருந்த நீதித்துறை அமைச்சர் கெவின் ஓஹிக்கின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தே நாளில், பிரிட்டனுடன் 1921-இல் செய்யப்பட்டு அவர் ஏற்ற உடன்படிக்கையை இறுதிவரை எதிர்த்த எதிர்க்கட்சி அரசியல்வாதி கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச், செல்வக் குடும்பத்தில் பிறந்தும், மருத்துவமனையின் பொதுப் படுக்கைப் பிரிவில் ஏழைகளோடு ஏழையாக உயிர்நீத்தார்.

எதிரெதிர் அணியினரான அவ்விருவரின் நாடாளுமன்ற இடங்களுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அப்போது அரசின் நிலையோ நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் மன்னருக்கான உறுதிமொழியை மறுத்து அவைக்கு வெளியே நின்ற, டி வலேரா தலைமையிலான ஃபியனா ஃபாயில் என்ற எதிர்க்கட்சியின் உறுப்பினர்கள் அம்மாதம்தான் உள்ளே வந்திருந்தனர். ஆகஸ்ட் 16 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 71, எதிராக 71 வாக்குகள் விழ, அவைத்தலைவரின் ஒற்றை வாக்கே அரசின் தலைவர் காஸ்கிரேவின் ஆட்சியைக் காப்பாற்றியது. அரசுக்கு எதிராக வாக்களிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஜான் ஜிங்க்ஸ் என்ற உறுப்பினர் மட்டும் அன்று அவைக்கு வந்திருந்தால் நாட்டின் வரலாறே வேறு திசையில் போயிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இரு தொகுதிகளையும் ஆளுங்கட்சியே வென்றது; மார்க்கியேவிச்சின் தெற்கு டப்ளினும் கைமாறியது. மறுநாளே காஸ்கிரேவ் அவையைக் கலைத்துவிட்டுப் பொதுத்தேர்தலுக்குச் சென்றார்.