சிரட்டையும் புளியங்கொட்டையும்

குலசேகரத்தில் மாமா திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சிரட்டையிலிருந்து இன்னொரு சிரட்டைக்குப் புளியங்கொட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வலது கையால்.

விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போன கை. பக்கவாதம் வந்தபிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே நேரமாகிறது. கொட்டை நழுவுகிறது. திரும்பவும் எடுக்கிறார்.

"மக்களே, ஆக்சிஜன் அறைக்குள்ள படுக்க வச்சா கை சரியாயிருமாமே? சங்கிலிய அடகு வைக்கட்டா?" என்றார் அத்தை.

அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வந்து நோய்ப்படுபவர்களுக்கு அது நிலைபெற்ற சிகிச்சை. பக்கவாதத்துக்கோ, சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும் இன்னும் நிரூபணமாகவில்லை.

அப்படியே சொன்னேன். சங்கிலி இருக்கட்டும் அத்தை, முதலில் நரம்பியல் டாக்டரிடம் கேட்போம், பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன்.

என் ஆதங்கம் வேறு. ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் மலையோர ஊர்களில் பலருக்கு அந்த நேரம் எண்ணெய் தேய்ப்பதிலேயே போய்விடுகிறது.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.