ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் ஆடப் பழகிய கதை

விண்கப்பல் சண்டையை மேசையில் ஆடும் விளையாட்டுகளில் ரொம்பக் கடினமானது எது என்று கேட்டால், பழைய ஆட்டக்காரர்களில் பலர் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸைத்தான் சொல்வார்கள். ஸ்டீபன் வி. கோல் வடிவமைத்து 1979-இல் வெளிவந்தது. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் உலகத்துக் கப்பல்கள், அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், இரண்டு பகடைகள். விதிகள் மட்டும் சட்டப் புத்தகம் போலப் பிரிவு, உட்பிரிவு என்று எண் போட்டு நீள்கின்றன. அதைப் பார்த்தே நிறைய பேர் பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்த நண்பர் முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார்: "ரூல்புக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீங்க. முதல்ல கப்பலை ஓட்டிப் பழகுங்க." இப்போது இந்த விளையாட்டை வெளியிடும் அமரில்லோ டிசைன் பீரோ, புதியவர்களுக்கென்று ஒரு கேடட் (பயிற்சி வீரர்) கையேட்டை இலவசமாகவே தருகிறது. விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, சின்னச் சின்ன ஆட்டங்கள் வழியாக அது அறிமுகம் செய்கிறது. நான் அதிலிருந்துதான் தொடங்கினேன்.

ஒரு சுற்று இம்பல்ஸ் எனப்படும் 32 சின்ன நேரக் கூறுகளாகப் பிரிகிறது. வேகம் 16 என்றால் ஒன்றுவிட்டு ஒரு இம்பல்ஸில் ஒரு கட்டம் நகரலாம். வேகம் 8 என்றால் நான்கில் ஒன்று. எந்த இம்பல்ஸில் யார் நகர வேண்டும் என்று அட்டவணையே சொல்லிவிடும், நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. பழக வேண்டியது திருப்பத்தைத்தான். வேகம் கூடக் கூட, திரும்புவதற்கு முன் அதிகக் கட்டங்கள் நேராகப் போயாக வேண்டும். ஸ்டார் ட்ரெக்கின் எதிரெதிர்த் தரப்புகள் கிளிங்கானும் ஃபெடரேஷனும். கிளிங்கானின் டி7 போர்க்கப்பல் சட்டென்று திரும்பும். ஃபெடரேஷனின் கனரகக் குரூசர் வகைப் போர்க்கப்பலுக்கு அகலமான வளைவு வேண்டும். ஆயுதமே இல்லாமல் இந்த இரண்டையும் ஒன்றையொன்று துரத்த விட்டதில், எதிரியின் பின்பக்கக் கவசம் என் முன்னால் வருவதற்கு எங்கே திரும்ப வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டது.

அப்புறம் வந்தது ஆற்றல் ஒதுக்கீடு. இந்த விளையாட்டின் உயிரே அதுதான் என்பேன். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன், கப்பலின் ஆற்றல் எதற்கெல்லாம் போகிறது என்று எதிராளிக்குக் காட்டாமல் தாளில் எழுதியாக வேண்டும். ஃபெடரேஷன் குரூசரின் முக்கிய எஞ்சின்களான வார்ப் எஞ்சின்கள் 30 புள்ளி ஆற்றல் தரும். ஒரு கட்டம் நகர ஒரு புள்ளி. அதன் முக்கிய ஆயுதமான ஃபோட்டான் டார்பிடோவை ஏவும் குழாய்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் சுற்றுக்கு 2 புள்ளி வீதம் இரண்டு சுற்று ஊட்டினால்தான் சுட முடியும். அதுவும் வார்ப் ஆற்றலாகவே இருக்க வேண்டும். வேகம் 24-இல் ஓடிக்கொண்டே நான்கையும் நிரப்பலாம் என்று பென்சிலை எடுத்தால், 24-உம் 8-உம் 32. போதாது. வேகத்தைக் குறைப்பதா, ஒரு குழாயைக் காலியாக விடுவதா? உயிர்காப்பு, கவசம், ஃபேசர் என்ற கதிர் ஆயுதம் எல்லாம் இதற்கு மேல் வரிசையில் நிற்கின்றன. அந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்களில் நிஜமாகவே ஒரு கேப்டனாக உணர்ந்தேன். வேறு எந்த விண்வெளி விளையாட்டும் எனக்கு அதைத் தந்ததில்லை.

இந்தக் கணக்கு கைவந்ததும் எதிராளியின் தாளையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவர் கப்பல் வேகமாக வந்தால், ஆயுதத்துக்குப் போன ஆற்றல் குறைவு. திடீரென்று மந்தமானால் எதையோ நிரப்புகிறார், கிட்டே போகக் கூடாது. டி7-இன் முக்கிய ஆயுதமான டிஸ்ரப்டர் ஒவ்வொரு சுற்றும் சுடும். 15 கட்டத் தூரத்திலும் பகடையில் 1 முதல் 4 வரை விழுந்தால் அடி. அதே தூரத்தில் ஃபோட்டானுக்கு 1 விழுந்தால் மட்டும்தான். 8 கட்டத்துக்குள் வந்தால் 1 முதல் 3 வரை விழுந்தாலே பட்டுவிடும், ஒரு டார்பிடோவுக்குச் சேதம் 8 புள்ளி. ஆக கிளிங்கான் எட்டி நின்று சுற்றிச் சுற்றி அடிக்கப் பார்ப்பார். ஃபெடரேஷன்காரர் எப்படியாவது நெருங்கப் பார்ப்பார். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

சேதக் கணக்கு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சுலபம். கவசத்தைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பகடை உருட்டி, சேத அட்டவணையைப் பார்த்து, கப்பலின் பாகங்களைப் பெட்டிகளாகக் காட்டும் தாளில் ஒரு பெட்டியைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஒருவர் உருட்ட, மற்றவர் அடித்தால் வேகமாக முடியும்.

டிரோன் (இங்கே துரத்தி வரும் ஏவுகணை), பிளாஸ்மா டார்பிடோ, போர் விமானங்கள், மின்னணுப் போர் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு குரூசருக்கு ஒரு குரூசர், ஃபேசரும் முக்கிய ஆயுதமும் மட்டும் போதும். இவ்வளவுகூட நீளம் என்று தோன்றினால், அதே நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த ஃபெடரேஷன் கமாண்டரை ஆடலாம். அதில் சுற்றுக்கு 8 இம்பல்ஸ்தான், ஆற்றலையும் சுற்றின் நடுவிலேயே செலவழித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தத் தாளும் பென்சிலும்தான் பிடித்திருக்கிறது. அடுத்து டிரோன் விதிகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.