பூனைக்குக் கால் எங்கே?

ஹூஸ்டனில், நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட்டுக்கென்றே வருஷா வருஷம் சர்வதேசத் திருவிழா நடக்கும். ஆகவே என் கராஜில் நிற்கும் லாங்ஆர்ம் என்ற குவில்ட் தையல் மெஷினுக்கு வேலைப் பஞ்சமே இல்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் உருளைகளில் சுற்றிவிட்டால், டிசைனைக் கம்ப்யூட்டர் வரிசை வரிசையாகத் தைத்துவிடும். வரிசைகளைப் பொருத்திக் கொடுக்க வேண்டியதுதான் நம் பாடு.

போன வாரம் எதிர்வீட்டுப் பாட்டியம்மா பேரக் குழந்தைக்காக ஒன்று கொண்டுவந்தார். அகலம் 40 அங்குலம், நீளம் 50. பூனை டிசைன். ஒரே நிபந்தனை: எல்லாம் முழுப் பூனையாக இருக்க வேண்டும்.

பூனை 8 அங்குல அகலம், அதனால் குறுக்கே ஐந்து, கச்சிதம். உயரம் 6, வரிசைக்கு இடையே 1. ஏழு வரிசை போட்டால் அடியில் 2 அங்குலம் மொட்டையாக நிற்கிறது. எட்டு போட்டால் கடைசி வரிசையில் வெறும் காது.

"பூனைக்குக் கால் எங்கடி?" பின்னால் அம்மா. ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார், பொழுது போக வேண்டாமா?

எட்டையும் அடக்கு என்று மென்பொருளிடம் சொன்னேன். உயரத்தோடு அகலத்தையும் சேர்த்துக் குறைத்தது. வலது ஓரத்தில் அரைப் பூனை. அகலம் மாறாமல் உயரத்தை மட்டும் குறைத்தால் எல்லாப் பூனைக்கும் தொப்பை. கடைசியில் ஏழு வரிசையே போதும் என்று, மிச்சமிருந்த 2 அங்குலத்தை ஆறு இடைவெளிகளுக்கும் பங்கு போட்டேன். பூனையைத் தொடாமல் இடைவெளியைத் தொடுவதுதான் எப்போதும் உத்தமம்.

அப்புறம் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்பது பிடிக்காமல், ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பாதி பூனை அளவு தள்ளி வைத்தேன். இடது ஓரத்தில் வால் பாதி, வலது ஓரத்தில் தலை பாதி!

"ஊடுபுள்ளிக் கோலத்துல அடுத்த வரிசைல ஒரு புள்ளி கம்மிதானே வைப்போம்? அரைப் பூனை ரெண்டையும் தூக்கு" என்றார் அம்மா. தூக்கினேன். அந்த வரிசைகளில் நாலு பூனை, இரு ஓரமும் காலி. ஓரத்துக்கு ஒரு மீனைப் போட்டேன்.

தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும். நாலு வரிசை முடிந்ததும் டேப் வைத்துப் பார்த்தால் மிச்ச நீளத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலத்தைக் காணோம். திரையில் இருக்கிற கணக்கை நம்பி அப்படியே ஓட்டினால் கடைசிப் பூனைகளின் பாதம் துணிக்கு வெளியேதான். பாக்கி இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினேன்.

பாட்டியம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் போன பிறகும் அம்மா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு பூனை இருக்கே, ஆறே ஆறு மீன் எப்படிடி பத்தும்?"