காற்றாடிமலையில் ஒரு நவம்பர் 1

எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் கேரளாவில் கேட்கும். நவம்பர் 1 வந்தால் அந்தப் பக்கம் கேரளப் பிறவி. இந்தப் பக்கம், 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று உள்ளூர் விடுமுறை. எல்லையைக் கிழித்தவர்கள் திருச்சபை நாட்காட்டியைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது அனைத்துப் புனிதர் பெருவிழா நாள்தான். அம்மா இன்னும் பழைய வழக்கப்படி 'சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள்' என்பாள். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டும் அந்த வார்த்தையைப் பிசகாமல் சொல்வாள். எனக்கு இருக்கிற பல்லோடும் வராது.

போன வருடம் காலைப் பூசை முடிந்ததும் அம்மாவையும், திருவனந்தபுரத்தில் படிக்கிற தங்கை மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மார்த்தாண்டம் தாண்டும்போது அவள் கேட்டாள்: "பெரியம்மா, நேற்று எங்கள் ஸ்கூலில் ஹாலோவீன். பேய் வேஷமெல்லாம் போட்டோம். அதற்கும் இன்றைக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. ஹாலோ என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி என்பதுதான் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. திருநாள் இருந்த இடத்தில் இப்போது பூசணிக்காய் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆதித் திருச்சபையில், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த ஒரு மறைசாட்சி இறந்த நாளை அவர் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள். ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்துக் கொடுமையில் சாவு கூடிப்போனது. ஆளுக்கொரு நாள் என்றால் வருடம் போதாது. பலருடைய பெயரே தெரியாது. அதனால் எல்லாரையும் சேர்த்து ஒரே நாளில் நினைக்கும் வழக்கம் வந்தது. ரோமில் சகல தெய்வங்களுக்கும் கட்டியிருந்த பாந்தியனை, 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மே 13 அன்று திருத்தந்தை நான்காம் போனிபாஸ், மாதாவுக்கும் எல்லா மறைசாட்சிகளுக்கும் கோயிலாக நேர்ந்தளித்தார். 8-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி, புனித பேதுரு பேராலயத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835-இல் நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 பரவலாக நிலைத்தது. கிரேக்கச் சபையாருக்குக் கணக்கு வேறு. அவர்கள் பெந்தகோஸ்தேக்கு அடுத்த ஞாயிறு கொண்டாடுகிறார்கள்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும் முன்பே பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அம்மாதான் பேச்சைப் பிடித்தாள். "இத்தனையும் எதுக்கு மக்களே? நம்ம பிள்ளைக்கு ரோமில் நாள் குறிக்காத காலம் பூரா இன்னைக்குத்தான் அவருக்கும் திருநாள்னு எங்கம்மா சொல்லித் தந்தா."

நம்ம பிள்ளை என்றால் தேவசகாயம் பிள்ளை. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாயின் சிநேகத்தில் கிறிஸ்தவ வேதத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த அறிவிப்பில் 'பிள்ளை' இல்லை, சாதிப்பெயர் என்று எடுத்துவிட்டார்கள். சரியான காரியம் என்பதுதான் என் எண்ணம். அம்மா வாயிலிருந்து மட்டும் அது போகவில்லை. அவளுக்கு அது சாதியில்லை, வீட்டுப்பிள்ளை.

நட்டாலத்தில் ஜெபித்துவிட்டு, புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்குப் போனோம். தாகத்தில் அவர் முழங்கையால் முட்டியதும் நீர் சுரந்ததாகச் சொல்லும் இடம். குழியில் இருந்த தண்ணீரை அம்மா உள்ளங்கையில் கோரி முட்டியில் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கு முட்டுவலி.

ஆரல்வாய்மொழி வந்ததும் வானம் மூடிக்கொண்டது. ஆனி ஆடியில் பேயாட்டம் ஆடுகிற காற்றாலைகள் அன்று பாதி நின்றிருந்தன. காற்றாடிமலை அடிவாரத்தில் மணியடிச்சான் பாறை. கல்லால் தட்டினால் கோயில் மணி போலவே கேட்கும். எத்தனையோ தலைமுறை தட்டித் தட்டி ஆங்காங்கே குழிந்து வழவழப்பாகிவிட்டது. பிள்ளை முதலில் பயந்து மெல்லத் தட்டினாள். 'டொக்' என்றது. "இங்க அடி" என்று அம்மா ஒரு குழியைக் காட்டினாள். அடித்ததும் கணீரென்று ஒலி எழும்பியது. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

காலையில் பூசையில் வாசித்த திருவெளிப்பாட்டு வசனம் எனக்கு அங்கேதான் உறைத்தது. முத்திரையிடப்பட்டவர்கள் 1,44,000 பேர் என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக யாராலும் எண்ண முடியாத பெரும் திரள் ஒன்றைக் கண்டதாக யோவான் எழுதுகிறார். ரோமின் பட்டியலில் தேவசகாயத்தின் பெயர் ஏற 270 வருடம் ஆனது. அதுவரை இந்தக் குழிகளைத் தேய்த்தவர்கள் யாரும் பட்டியலைக் கேட்டுக்கொண்டு இங்கே வரவில்லை.

அம்மா கல்லை வாங்கித் தட்டத் தொடங்கினாள். ஒரு தட்டுக்கு ஒரு பெயர். முதலில் புனித தேவசகாயம் பிள்ளையே. அப்புறம் அந்தோணியாரே, சவேரியாரே. அதற்கப்புறம் வந்தவை எந்தப் பிரார்த்தனைமாலையிலும் இல்லாதவை: ஜெபம் சொல்லித் தந்த உபதேசியார், எட்டுப் பிள்ளைகளுக்குப் பேறு பார்த்த கிழவி, பனையிலிருந்து விழுந்து செத்த அவள் சித்தப்பா. ஒவ்வொருவருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"இவங்களும் புனிதரா பாட்டி?"

"யார் எண்ணிப் பார்த்தா மக்களே?" என்றபடி அம்மா கல்லைக் கீழே வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் கல்லறைத் திருநாள். கோட்டாற்றில் தேவசகாயத்தின் கல்லறையைப் பார்க்கப் போகும் வழியில் தோவாளையில் நிறுத்திப் பிச்சியும் செவ்வந்தியும் வாங்கினோம். பூ விலை ஏறியிருந்தது. அம்மா பேரம் பேசவே இல்லை.