முப்பது சதவீதத்தில் நிறுத்தினேன்

மின்சாரம் போனால் பேட்டரியில் கணினியைத் தாங்கும் யுபிஎஸ் கருவியின் திரையில் தெரியும் சதவீதம் ஓர் ஊகமே என்பதை மருத்துவ அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பவர்கள் அனைவரும் அறிவர். அந்த நேரத்துச் சுமையையும் பேட்டரியின் மின்னழுத்தத்தையும் வைத்துக் கருவி ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. பேட்டரி பழையதாக இருந்தால், பாதிக்குக் கீழே வரும் வரை ஒழுங்காக இறங்கிய எண், அதன்பின் சொல்லாமல் கொள்ளாமல் சரிந்துவிடும். ஆகவேதான் பேட்டரி 30 சதவீதத்தை எட்டியதும், நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் எங்கள் சர்வர் தானாகவே நிற்கத் தொடங்கும்படி அமைத்திருந்தேன். அந்த எண்ணை நான் தனியாகத் தேர்ந்தெடுத்தேன். அப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீண்ட மின்தடையின்போதுதான் கேள்வி வந்தது. எரிபொருள் நிரப்புவதற்காக நிறுத்தி ஆறவிட்ட ஜெனரேட்டர் மீண்டும் இயங்க மறுத்த அந்த மாலையில், பணியில் இருந்த மருத்துவர் என் அறைக்கே வந்து கேட்டார்.

“சர்வர் நிற்கத் தொடங்கிவிட்டது, டாக்டர்,” என்றேன்.

“இன்னும் முப்பது சதவீதம் இருக்கிறதே. ஒரே ஒரு பெரியவரின் பதிவைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.”

“அந்த முப்பது, சர்வரை ஒழுங்காக நிறுத்துவதற்காக வைத்திருப்பது, டாக்டர்.”

“நிறுத்துவதற்கா?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று உறுதிப்படுத்திக்கொள்வது போலிருந்தது. என் பதிலுக்குக் காத்திராமல் நோயாளியிடம் திரும்பிப் போய்விட்டார்.

அந்த ஒற்றைச் சொல் இன்னமும் என்னை விடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மின்சாரம் திடீரென்று அறுந்தால் என்ன நேரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் எழுதிய பிறகே நிலையான இடத்துக்குக் கொண்டுசெல்லும் முறை தரவுத்தளங்களில் இருக்கிறது. ஆகவே மின்சாரம் போனாலும், முடிந்த பதிவுகள் மிஞ்ச வேண்டும். ஆனால் அந்த உறுதிமொழி, எழுதிவிட்டேன் என்று வட்டு (ஹார்ட் டிஸ்க்) சொல்வது உண்மையாக இருக்கும்வரைதான் செல்லும். வேகத்துக்காகத் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாக முன்கூட்டியே தலையசைக்கும் வட்டுகள் உண்டு. அந்த நினைவகத்துக்குத் தனி மின்பாதுகாப்பு இல்லாவிட்டால், அதிலிருந்தது மின்சாரத்தோடு சேர்ந்து போய்விடும். முன்பு ஒருமுறை இப்படித்தான் தரவுத்தளம் சிதைந்து, முந்தைய இரவின் காப்புப் பிரதியிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு பகலில் எழுதப்பட்டவை அனைத்தையும் செவிலியர்கள் நினைவிலிருந்தும் துண்டுச் சீட்டுகளிலிருந்தும் மறுபடி எழுதினார்கள். யாருடைய எந்த மருந்தின் அளவு விடுபட்டுப் போனது என்பதை எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெரியவரின் பதிவுக்காக எல்லோருடைய பதிவையும் பணயம் வைக்க முடியாது என்று நான் நினைத்ததற்கு இதுவே காரணம். அந்த நியாயத்தை இப்போதும் நான் கைவிடவில்லை.

ஆயினும், மருத்துவர் கேட்டபோது சர்வர் உண்மையில் எந்த நிலையில் இருந்தது என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். முதலில் பதிவு மென்பொருள் மூடப்படும், அடுத்துத் தரவுத்தளம், கடைசியாக இயக்க முறைமை. அவர் வந்தபோது மென்பொருள் மட்டுமே மூடப்பட்டிருந்தது. “தொடங்கிவிட்டது” என்று நான் சொன்னது உண்மை. “இனி முடியாது” என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். அந்த நிலையிலிருந்து திருப்பியிருக்க முடியுமா என்று, மின்சாரம் வந்த பின் ஓய்வான நேரம் பார்த்து அதே வரிசையில் சோதித்தேன். முடிகிறது. நிறுத்தத்தை இடைமறித்து, மென்பொருளை மறுபடி ஏற்றி, உள்நுழைந்து, ஒரு பதிவைத் திறந்து, பிறகு முதலிலிருந்து நிறுத்தி முடிக்கத் தேவைப்பட்ட நேரமும், அந்தப் பழைய பேட்டரி அந்தச் சுமையில் தாங்கிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடிகிறது. சுமை கூடக்கூட பேட்டரி தரக்கூடிய மொத்த மின்சாரமே குறைந்துபோகும். அறை வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது அனுபவக் கணக்கு. எங்கள் அறை குளிர்ச்சியான அறை அல்ல. சோதனை எனக்கு விடுதலையும் தரவில்லை, குற்றமும் சாட்டவில்லை.

அந்தப் பெரியவருக்குக் கடுமையான மூட்டுவலி. தனியாக வந்திருந்தார். இதயத்துக்காக ஒரு சின்ன மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார், பெயர் தெரியவில்லை. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடலாமா என்பதே மருத்துவரின் கேள்வி. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தை எடுத்துக்கொள்பவருக்கு அந்த ஊசி ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். பதிவு இல்லாத நிலையில் அவர் பெரியவரிடம், மாத்திரையின் பெயரை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாராம்: “அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்களா, ஐயா?” பெரியவர் ஆமாம் என்றார். அது வார்ஃபரினாக இருக்கலாம் என்று ஊகிக்க அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஊசியை விடுத்து, பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்.

மின்சாரம் வந்ததும் நான் முதலில் திறந்தது அந்தப் பதிவைத்தான். அதில் வார்ஃபரின் இல்லை. வேறோர் இடத்து இதய மருத்துவர் பின்னாளில் தொடங்கிய மருந்து அது. எங்களிடம் பெரியவர் கடைசியாக வந்தது அதற்கு முன். எங்கள் திரையில் இருந்திருக்கக்கூடியது இரண்டு ரத்த அழுத்த மாத்திரைகளும், ஒவ்வாமை எதுவும் இல்லை என்ற குறிப்பும் மட்டுமே.

இதைக் கேட்ட சக ஊழியர்கள், நான் சர்வரை நிறுத்தியதே நல்லதாயிற்று என்றார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவில் என்ன இருக்கிறது என்று தெரிந்து நான் நிறுத்தவில்லை; அடுத்த நோயாளியின் பதிவில் பென்சிலின் ஒவ்வாமை தெளிவாக எழுதப்பட்டிருக்கலாம், அவர் மயக்கத்தில் இருந்திருக்கலாம். விளைவு நன்றாக அமைந்தது என்பது முடிவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. சில நாட்கள் கழித்து மருத்துவரிடமே கேட்டேன்: பதிவு திறந்திருந்தால், அந்தக் கேள்வியைப் பெரியவரிடம் கேட்டிருப்பீர்களா? சற்று யோசித்துவிட்டு, “கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்,” என்றார். அவர் நேர்மையானவர், அதனால்தான் “நினைக்கிறேன்” என்று சொன்னார்.

அதன்பின் நான் செய்தவை எல்லாம் பதிவு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தவை. பதிவின் சுருக்கப் பிரதி ஒன்று இப்போது குறித்த இடைவெளிகளில் ஒரு லேப்டாப்புக்குப் போகிறது. அதில் பார்க்க மட்டுமே முடியும், எதையும் மாற்ற முடியாது. வட்டு முழுவதும், திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. லேப்டாப்புக்கு அதன் சொந்த பேட்டரி இருப்பதால் சர்வர் நின்ற பிறகும் அது சில மணி நேரம் தாங்கும், நெட்வொர்க்கும் தேவையில்லை. நெட்வொர்க்கை நான் முன்பு போதுமான அளவு நினைத்துப் பார்த்ததில்லை: சர்வர் யுபிஎஸ்ஸில் இருந்து, மேசைக் கணினிகளை அதனோடு இணைக்கும், சுவர் மூலையில் தொங்கும் சிறிய நெட்வொர்க் சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இல்லாவிட்டால், இயங்கும் சர்வரை எந்த மேசையிலிருந்தும் தொட முடியாது. பதிவுகளை இணையவழி சேவைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்பவர்களிடம் 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்ததை நான் எடுத்துச் சொல்வேன். அன்று மின்சாரத்தோடு கைபேசி வலையமைப்பும் பல இடங்களில் நின்றது. கோபுரங்களின் பேட்டரிகளுக்கும் அளவு உண்டு.

மறுநாள் வரவிருப்போரின் மருந்து, ஒவ்வாமைப் பட்டியலை முந்தைய மாலையே அச்சிட்டுப் பூட்டிய இழுப்பறையில் வைக்கிறோம். மின்தடை வந்த பிறகு அச்சிடலாம் என்பது நடவாத காரியம்: லேசர் அச்சுப்பொறி மையை உருக்கச் சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸைத் திணறடித்துவிடும், அதனால் அதை யுபிஎஸ்ஸில் இணைப்பதே இல்லை. காகிதத்திலும் குறை உண்டு. முன்பதிவு இல்லாமல் வருபவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அந்தப் பெரியவரும் இருந்திருக்க மாட்டார்.

ஜெனரேட்டர் மின்சாரத்தின் பங்கீட்டிலும் வாக்குவாதம் நடந்தது. தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். வெப்பத்தில் கெட்டுப்போன தடுப்பூசியை மீட்க வழியே இல்லை, சர்வரையோ பிறகு இயக்கிக்கொள்ளலாம். எனவே முதல் உரிமை குளிர்பெட்டிக்கே என்று செவிலியர் வாதிட்டபோது நான் மறுக்கவில்லை. மூடிய கதவைத் திறக்காமலிருந்தால் பெட்டி சற்று நேரம் தாங்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவே.

இத்தனைக்கும் பிறகு, என் ஏற்பாடுகள் எல்லாம் அன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். லேப்டாப் உடனே திறந்திருக்கும். வார்ஃபரின் இல்லாத அதே பட்டியலை, இன்னும் சில மணி நேரம் பழையதாக, அந்த நெருக்கடியில் எளிதாக நம்பத்தக்க தெளிவான எழுத்துகளில் காட்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிரதி எடுத்த நேரத்தை அச்சிடச் செய்தேன். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: மருந்துப் பட்டியல் நோயாளியிடம் கடைசியாக எப்போது கேட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பது. இந்த இரண்டாவது தேதி முதல் தேதியைவிட முக்கியமானது என்று இப்போது நான் நம்புகிறேன். பலருடைய பதிவுகளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அது நிரம்புவது என் கையில் இல்லை, மருத்துவர்களின் நேரத்தில் இருக்கிறது. பதிவுகளைக் காப்பதே என் வேலை என்று பெருமையாக நினைத்திருந்தவனுக்கு, எதைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்ற ஐயம் வருவது எளிதான அனுபவம் அல்ல. ஆனால் அந்த ஐயத்தின் பெயரால் பதிவைத் திறக்க மறுக்கும் உரிமையும் எனக்கு இல்லை. பதிவு குறையுடையது என்று அறிந்து அதைப் படிப்பது மருத்துவருக்குத் தெரியும். படிக்கவே கிடைக்காத ஒன்றின் குறையை அவர் எப்படி எடைபோடுவார்?

நிறுத்தும் அளவை 20 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறேன். பேட்டரியைப் புதிதாக மாற்றிய பிறகு, முழுச் சுமையோடு சோதித்துப் பார்த்துத்தான் குறைத்தேன் என்றாலும், அந்தப் பத்து சதவீதத்தில் எவ்வளவு பேட்டரிக்காக, எவ்வளவு அந்த “நிறுத்துவதற்கா?”வுக்காக என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மின்தடைக் கால நடைமுறையைத் திருத்தி எழுதும் பணி இப்போது என்னிடம் இருக்கிறது. பணியில் இருக்கும் மருத்துவர் கேட்டால் நிறுத்தத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்ற வரியைச் சேர்க்கும்படி அன்று என் அறைக்கு வந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார், சேர்த்துவிட்டேன். எந்தச் சதவீதம் வரை என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அவர் பத்து என்கிறார், நான் பதினைந்து என்கிறேன்.